தெற்கின் நால்வர் – 2: வாய்தா தராத நீதிபதி

ரிச்சர்ட் ரைவ்ஸ் தலைமை நீதிபதி பதவியைத் தானாக விட்டுக்கொடுத்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். மான்ட்கோமரி பஸ்களில் நிறப்பிரிவினை செல்லாது என்று தீர்ப்பெழுதியதற்காகச் சொந்த ஊராரின் பகையைச் சம்பாதித்துக்கொண்டவர் அவர். விபத்தில் இறந்த மகனின் கல்லறையைக்கூட அந்த ஊர் விட்டுவைக்கவில்லை. 1960 டிசம்பரில் அவருடைய நாற்காலிக்கு வந்தவர் எல்பர்ட் பார் டட்டில். அப்போது அவருக்கு 63 வயது. நம் ஊரில் அந்த வயதில் ஓய்வுபெற்ற நீதிபதிகள் விசாரணைக் கமிஷனுக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருப்பார்கள். டட்டிலுக்கு உண்மையான வேலை அப்போதுதான் ஆரம்பித்தது.

முதல் அத்தியாயத்தைத் தவறவிட்டவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அமெரிக்கக் கூட்டரசு நீதிமன்றங்கள் மூன்று படிகள். அடியில் மாவட்ட நீதிமன்றம். நம் ஜில்லா கோர்ட்டை இங்கே நினைத்துக்கொள்ளக் கூடாது. அதன் நீதிபதியையும் ஜனாதிபதிதான் நியமிக்கிறார், செனட் சம்மதிக்க வேண்டும், பதவி ஆயுளுக்கும் உண்டு. அதற்கு மேலே சர்க்யூட் எனப்படும் மேல்முறையீட்டு நீதிமன்றம். உச்சியில் உச்ச நீதிமன்றம். அன்றைய ஐந்தாம் சர்க்யூட்டின் தலைமையிடம் நியூ ஆர்லியன்ஸ். டெக்ஸாஸ், லூயிசியானா, மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா, ஃப்ளோரிடா ஆகிய ஆறு மாநிலங்கள் அதன் கீழ் வந்தன. அடிமை முறையை விட மறுத்து உள்நாட்டுப் போரில் இறங்கிய மாநிலங்கள் இவை. 1954-இல் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று சொல்லிவிட்டது. சொன்னதை ஊர் ஊராக அமல்படுத்தும் தலைவலி இந்த நீதிமன்றத்தின் மேல் விழுந்தது.

டட்டில் தெற்கத்திக்காரர் அல்ல. 1897-இல் கலிஃபோர்னியாவின் பாஸடீனாவில் பிறந்தவர். அப்பாவுக்கு ஹவாயில் கரும்புத் தோட்ட முதலாளிகள் சங்கத்தில் கணக்கு உத்தியோகம் கிடைத்ததால் சிறுவயதிலேயே குடும்பம் ஹொனலூலுவுக்குப் போய்விட்டது. அங்கே புனாஹோ பள்ளியில் படித்தார். பராக் ஒபாமா பிற்காலத்தில் படித்ததும் அதே பள்ளிதான். சீனர், ஜப்பானியர், ஹவாய்க்காரர் எல்லாம் கலந்து வாழும் தீவில் வளர்ந்த பையன் அவர். தெற்கில் வளர்ந்த வெள்ளைக் குழந்தை சோற்றோடு சேர்த்து விழுங்கும் பாடம் அவருக்கு ஊட்டப்படவில்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டமும் சட்டமும் படித்தார். ஃப்ளோரிடாவைச் சேர்ந்த சாராவை 1919-இல் மணந்துகொண்டார். 1924-இல் மைத்துனர் வில்லியம் சதர்லண்டோடு சேர்ந்து அட்லாண்டாவில் வக்கீல் ஆபீஸ் திறந்தார். வரி வழக்குகள்தான் பிழைப்பு. நல்ல வரும்படி.

கோட்டு போட்ட வரி வக்கீலாகவே அவர் காலம் தள்ளியிருக்கலாம். 1931-இல் ஒரு சம்பவம் குறுக்கிட்டது. ஜார்ஜியாவின் எல்பர்ட்டன் என்ற சிற்றூரில் ஜான் டவுனர் என்ற கருப்பின இளைஞர் மேல் பாலியல் வன்முறைக் குற்றம் சாட்டப்பட்டது. சிறையை உடைத்து அவரை இழுத்துப்போய்க் கொல்ல ஊர்க்கும்பல் திரண்டது. டட்டில் அப்போது மாநிலக் காவல் படையில் அதிகாரி. படையோடு போய்க் கும்பலைத் தடுத்து, டவுனரை உயிரோடு அட்லாண்டாவுக்குக் கொண்டுவந்தார். கும்பல் செய்யவிருந்ததைப் பிறகு நீதிமன்றம் செய்தது. அவசர அவசரமாக ஒரு விசாரணை நடத்தி மரண தண்டனை விதித்தார்கள். அது கண்துடைப்பு என்பதை டட்டில் நேரில் பார்த்தவர். கூட்டரசு நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். மேல்முறையீட்டில் ஜெயித்தார். எந்த நீதிமன்றத்தில் என்று கேட்டால், தாம் 23 ஆண்டுகள் கழித்து நீதிபதியாகப் போய் உட்காரப்போகும் அதே ஐந்தாம் சர்க்யூட்டில். மறுவிசாரணை நடந்தது. அதிலும் மரண தண்டனை. 1934-இல் டவுனரை மின்சார நாற்காலியில் ஏற்றிவிட்டார்கள்.

அடுத்து வந்தது ஜான்சன் வழக்கு. ஜான்சன் ஒரு மரைன் படை வீரன். கள்ள 20 டாலர் நோட்டு மாற்றியதாகத் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் பிடிபட்டான். 1935 ஜனவரி 23 அன்று அவனை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய்க் குற்றப்பத்திரிகை தந்தார்கள். அன்றைக்கே விசாரணை, அன்றைக்கே தீர்ப்பு, அன்றைக்கே நாலரை ஆண்டுச் சிறை. பக்கத்தில் ஒரு வக்கீல்கூட இல்லை, அமர்த்தக் கையில் காசும் இல்லை. கூட்டரசு நீதிமன்றத்திலேயே இது நடந்தது என்பதுதான் கொடுமை. அட்லாண்டா சிறையிலிருந்து அவன் போட்ட மனுவை டட்டில் எடுத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போய் வாதாடினார். 1938 மே 23 அன்று தீர்ப்பு வந்தது: கூட்டரசுக் குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவனுக்கு வக்கீல் தர வேண்டும். எழுதியவர் நீதிபதி ஹ்யூகோ பிளாக். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கொஞ்சம் கழித்து வருவார்.

சட்டம் ஒரு நாளில் ஓடும் என்பதை டட்டில் இந்த இரண்டு வழக்கிலும் கண்ணால் பார்த்துவிட்டார். ஏழையைத் தண்டிக்க ஒரு நாள் போதும். அதே ஏழை உரிமை கேட்டு வந்தால்தான் ஆற அமர யோசிக்க வேண்டும், வாய்தா போட வேண்டும், இரு தரப்பையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். இந்த ஓரவஞ்சனையை நீதிபதியானதும் அவர் தலைகீழாகத் திருப்பினார் என்பது என் கணிப்பு.

நடுவில் ஒரு போர். டட்டிலுக்கு அமெரிக்காவிலேயே மேஜை உத்தியோகம் கிடைத்திருக்கும். வேண்டாம் என்று பசிபிக் முனைக்குப் போனார், பீரங்கிப் படைப்பிரிவு ஒன்றின் தளபதியாக. 1945 ஏப்ரலில் ஒகினாவாவை ஒட்டிய இயே ஷிமா தீவில், இரவில் முகாமுக்குள் ஊடுருவிய ஜப்பானிய வீரர்களோடு கைகலந்து சண்டையிட்டுக் காயம்பட்டார். அப்போது வயது 47. திரும்பிவந்து ரிசர்வ் படையில் பிரிகேடியர் ஜெனரல் ஆனார். பிற்காலத்தில் அவரைத் தேசத்துரோகி என்று திட்ட நினைத்தவர்களுக்கு இந்தப் போர்க்காயம் பெரிய இடைஞ்சலாக இருந்தது.

ஜார்ஜியா அப்போது ஜனநாயகக் கட்சியின் ஒற்றைக் கோட்டை, அதிலும் வெள்ளையர் கோட்டை. டட்டில் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 1952 மாநாட்டில் ஜார்ஜியாவிலிருந்து ஐசன்ஹோவருக்காக இழுபறி நடத்திய குழுவில் முன்னால் நின்றார். லூயிசியானாவிலிருந்து அதே போல வந்து மல்லுக்கட்டியவர் ஜான் மைனர் விஸ்டம், டெக்ஸாஸிலிருந்து ஜான் பிரவுன். ஐசன்ஹோவர் ஜெயித்தார், மூவரும் அடுத்தடுத்து ஐந்தாம் சர்க்யூட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். கட்சி உழைப்புக்குக் கிடைத்த சன்மானம்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. சன்மானமாக வந்த பதவியை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்கிறான் என்பதுதான் கேள்வி. நிதித்துறையில் தலைமைச் சட்ட அதிகாரியாக ஓர் ஆண்டு இருந்த டட்டில், 1954 ஆகஸ்டில் நீதிபதியானார். பள்ளித் தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

இனி 1961-க்கு வருவோம். தலைமை நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மாதம்.

ஹாமில்டன் ஹோம்ஸ், சார்லேன் ஹன்டர் இருவரும் அட்லாண்டாவின் கருப்பின மாணவர்கள். ஒரே பள்ளியில் முதல் வரிசை மதிப்பெண் எடுத்தவர்கள். ஜார்ஜியா பல்கலைக்கழகம் ஒன்றரை ஆண்டாக அவர்களைச் சுற்றலில் விட்டிருந்தது. விடுதியில் இடமில்லை, அடுத்த பருவம் பார்க்கலாம் என்றெல்லாம் சாக்கு. மேக்கன் நகர மாவட்ட நீதிபதி பூட்டில் சாட்சியங்களைக் கேட்டுவிட்டு, இவர்கள் வெள்ளையர்களாக இருந்திருந்தால் எப்போதோ சேர்ந்திருப்பார்கள் என்று ஜனவரி 6 அன்று தீர்ப்பெழுதினார். ஜனவரி 9 திங்கட்கிழமை இருவரும் பதிவு செய்யப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். அந்த நேரம் பார்த்து, மாநில அரசு மேல்முறையீடு செய்யட்டும் என்று பூட்டில் தம் உத்தரவுக்குத் தாமே ஸ்டே கொடுத்துவிட்டார். வளாகத்தில் வெள்ளை மாணவர்களின் ஆரவாரம்.

ஸ்டே வாங்கிவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி என்பது நம் கோர்ட் வாசல்களில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஜார்ஜியா அரசு வக்கீல்களுக்கும் தெரிந்திருந்தது. மேல்முறையீடு முடிய ஓராண்டோ ஈராண்டோ, அதற்குள் அந்தப் பிள்ளைகள் வேறு எங்காவது படித்து முடித்துவிடுவார்கள், வழக்கே செத்துவிடும். மாணவர்களின் வக்கீல்களான கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியும் டொனால்ட் ஹாலவெல்லும் மேக்கனிலிருந்து காரில் அட்லாண்டாவுக்குப் பறந்தார்கள். தபால் நிலையமும் நீதிமன்றமும் ஒன்றாக இருந்த பழைய கட்டடத்தில் டட்டில் இருந்தார். அன்று பிற்பகலே இரு தரப்பையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஸ்டேயை ரத்து செய்தார். இதை எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறோமோ அவ்வளவுக்கு எல்லாருக்கும் நல்லது என்பதுதான் அவர் சொன்ன காரணத்தின் சாரம். மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. அங்கேயும் மறுநாள் கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஜனவரி 11 இரவு ஹன்டரின் விடுதியைக் கும்பல் சூழ்ந்து கல்லெறிந்தது. பாதுகாப்பு என்று காரணம் சொல்லிப் பல்கலைக்கழகம் கலகக்காரர்களை விட்டுவிட்டு இந்த இருவரையும் வீட்டுக்கு அனுப்பியது. பூட்டில் இந்த முறை தயங்கவில்லை. ஜனவரி 16 அன்று இருவரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். 1963-இல் பட்டம் வாங்கினார்கள். ஹோம்ஸ் எலும்பு மருத்துவரானார். ஹன்டர் அமெரிக்காவின் பெயர்பெற்ற பத்திரிகையாளர்களில் ஒருவரானார்.

இந்தப் பிற்பகலுக்குப் பிறகு தெற்கின் உரிமை வக்கீல்களுக்கு ஒன்று விளங்கிவிட்டது. கீழே இழுத்தடித்தால் மேலே போகலாம், மேலே இருப்பவர் அன்றைக்கே கேட்பார்.

கீழே இருந்தவர்கள் யார் யார் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜான் கென்னடியைக் கருப்பின மக்களின் தோழராகவே நாம் படித்திருக்கிறோம். ஆனால் மாவட்ட நீதிபதி நியமனங்களில் தெற்கத்திச் செனட்டர்களின் மனம் கோணாமல் நடந்துகொண்டார் அவர். மிசிசிப்பியில் ஹெரால்ட் காக்ஸ், ஜார்ஜியாவில் ராபர்ட் எலியட், அலபாமாவில் கிளாரன்ஸ் ஆல்குட் எல்லாம் அவர் போட்ட ஆட்கள். மூவருடைய உத்தரவுகளும் ஐசன்ஹோவர் நியமித்த டட்டிலின் மேஜைக்கு வந்து சேர்ந்தன.

காக்ஸ் கதை முதலில். மிசிசிப்பியின் ஃபாரஸ்ட் கவுன்டியில் தெரன் லிண்ட் என்று ஒரு வாக்காளர் பதிவாளர். கருப்பின ஆசிரியர்கள், முதுகலை படித்தவர்கள் உட்பட, அரசியல் சட்டப் பகுதியைப் படித்து விளக்கத் தெரியவில்லை என்று அவரால் நிராகரிக்கப்பட்டவர்கள். மத்திய அரசே அவர்மேல் வழக்குப் போட்டது. 1962 மார்ச்சில் காக்ஸ் விசாரித்தார், பாதியில் ஒத்திவைத்தார். தடையும் தரவில்லை, மறுக்கவும் இல்லை. மறுத்தால்தானே மேல்முறையீடு? எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? டட்டில் எழுதிய தீர்ப்பு ஏப்ரல் 10 அன்று வந்தது. தர வேண்டிய தடையைத் தராமல் வைத்திருப்பதே மறுப்புதான், அதன்மேல் மேல்முறையீடு செல்லும் என்றார். அதோடு விடவில்லை. மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்காமல், மேல்முறையீட்டு நீதிமன்றமே லிண்டுக்கு நேரடியாகத் தடையுத்தரவு போட்டது. அதுவரை அப்படி யாரும் செய்து பழக்கமில்லை. பிறகு அதுவே அந்த நீதிமன்றத்தின் அன்றாட ஆயுதமாயிற்று. லிண்ட் அதற்கும் அடங்காமல் அடுத்த ஆண்டு நீதிமன்ற அவமதிப்பில் மாட்டிக்கொண்டார். அதே கவுன்டியில் வாக்குரிமைக்காக உழைத்த வெர்னன் டாமரின் வீட்டுக்கு 1966 ஜனவரியில் தீ வைத்துக் கொன்றார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நீதிமன்றக் காகிதம் நெருப்பைத் தடுக்கவில்லை.

எலியட்டின் முறை 1962 ஜூலையில் வந்தது. ஜார்ஜியாவின் ஆல்பனி நகரில் மார்ட்டின் லூதர் கிங் தலைமையில் ஊர்வலங்கள். ஜூலை 20 அன்று எலியட் அவற்றுக்குத் தடை விதித்தார். கிங்குக்கு இது தர்மசங்கடம். கூட்டரசு நீதிமன்றத்தை நம்பித்தான் அவருடைய இயக்கமே நடந்தது. அதன் உத்தரவை அவரே மீறினால் நாளைக்கு ஆளுநர்கள் மீறும்போது என்ன சொல்வது? பணிந்தார். ஜூலை 24 அன்று டட்டில் அந்தத் தடையைத் தள்ளினார்.

எனக்கு மிகவும் பிடித்தது பர்மிங்ஹாம் உத்தரவு. 1963 மே மாதம் அந்த அலபாமா நகரத்தின் தெருக்களில் நிறப்பிரிவினையை எதிர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனதும், அவர்கள்மேல் நாய்களை ஏவியதும், தண்ணீர்க் குழாயால் அடித்ததும் உலகமே பார்த்த படங்கள். பெரியவர்கள் சமரசம் பேசி முடித்த பிறகு, நகரக் கல்வி வாரியம் வஞ்சம் தீர்த்தது. மே 20 அன்று, ஊர்வலம் போன 1,081 பிள்ளைகளை ஒரே கடிதத்தில் பள்ளியை விட்டு நீக்கியது. கல்வியாண்டு முடிய சில நாள்தான் பாக்கி. பலர் பள்ளிப் படிப்பை முடித்துச் சான்றிதழ் வாங்கவேண்டியவர்கள். மே 22 அன்று ஆல்குட், தலையிட முடியாது என்று கையை விரித்தார். மாட்லி மறுபடி அட்லாண்டாவுக்குப் பறந்தார். அன்று மாலையே டட்டில் விசாரணை வைத்தார். பிள்ளைகள் பாதியில் படிப்பை விடாமல் தடுக்க நாடே பாடுபடும் நேரத்தில், கல்வி வாரியமே ஆயிரம் பேரின் ஒரு பருவப் படிப்பைப் பாழாக்குவது அதிர்ச்சியாக இருக்கிறது என்று எழுதி, எல்லாரையும் உடனே சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள்.

சட்டம் படித்தவர்கள் இந்த இடத்தில் புருவம் உயர்த்துவார்கள். ஒற்றை நீதிபதி, மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பேரால், சில மணி நேரத்தில் இப்படி உத்தரவு போடலாமா? அன்றைக்கே இந்தக் கேள்வி எழுந்தது. எழுப்பியவர் அதே நீதிமன்றத்தின் பென் கேமரன், மிசிசிப்பிக்காரர். ஜேம்ஸ் மெரிடித் என்ற கருப்பின மாணவரை மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சொன்ன தீர்ப்புக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஸ்டே கொடுத்துக்கொண்டே இருந்தவர். கடைசியில் உச்ச நீதிமன்றத்தின் ஹ்யூகோ பிளாக்தான் அவற்றைத் தள்ளவேண்டி வந்தது. 1963 ஜூலையில் கேமரன் ஒரு மாறுபட்ட தீர்ப்பில் பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார்: டட்டில், ரைவ்ஸ், விஸ்டம், பிரவுன் என்ற நால்வர் இன வழக்குகளைத் தங்களுக்குள் பங்குபோட்டுக்கொள்கிறார்கள், அமர்வுகளைத் தலைமை நீதிபதி தமக்கு வேண்டியபடி அமைக்கிறார் என்று. நம் தொடரின் தலைப்பே அவர் வசவாகக் கொடுத்த பட்டம்தான். குற்றச்சாட்டில் விஷயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அந்த அமர்வுகளில் இந்த நால்வரின் கை ஓங்கியிருந்தது கண்கூடு. நீதிபதிகள் தங்களுக்குள் கூடிப் பேசி விவகாரத்தை அமுக்கிவிட்டார்கள். டட்டிலை வியக்கும் எவரும் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படிக்கக் கூடாது. நம் உயர் நீதிமன்றங்களில் எந்த வழக்கு எந்த பெஞ்சுக்குப் போகிறது என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அவருடைய எல்லா வேலையும் பள்ளிக்கூடம் பற்றியதல்ல. ஜார்ஜியாவின் வேட்பாளர் தேர்தலில் கவுன்டி யூனிட் முறை என்று ஒரு விசித்திரம் இருந்தது. 159 கவுன்டிகளில் பெரிய எட்டுக்குத் தலா ஆறு யூனிட், அடுத்த 30-க்குத் தலா நான்கு, மிச்சம் 121-க்கும் தலா இரண்டு. அட்லாண்டா இருக்கும் ஃபுல்டன் கவுன்டியில் ஐந்தரை லட்சம் பேருக்கு ஆறு யூனிட். எக்கோல்ஸ் கவுன்டியில் 1,876 பேருக்கு இரண்டு. எக்கோல்ஸ்வாசி ஒருவருக்கு 99 ஃபுல்டன்வாசிகள் சமம் என்று பிறகு உச்ச நீதிமன்றம் கணக்குப் போட்டுக் காட்டியது. 1962 ஏப்ரலில் டட்டில் இருந்த மூவர் அமர்வு அதைச் செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கொள்கையை நிலைநாட்டியது அந்த வழக்கில்தான். ஜார்ஜியாவின் செனட் தொகுதிகளும் அதே ஆண்டு மாற்றி அமைக்கப்பட்டன. அந்தப் புதுத் தேர்தலில் முதன்முதலாக நின்று ஜெயித்த கடலை விவசாயி ஒருவர் பின்னால் ஜனாதிபதியானார். ஜிம்மி கார்ட்டர்தான்.

1966-இல் ஜூலியன் பாண்ட் வழக்கு. மக்கள் தேர்ந்தெடுத்த இந்தக் கருப்பின இளைஞரை, வியட்நாம் போரைக் கண்டித்த அறிக்கையை ஆதரித்தார் என்பதற்காக ஜார்ஜியா சட்டமன்றம் 184-க்கு 12 என்ற வாக்கில் உள்ளே விட மறுத்தது. மூவர் அமர்வில் இருவர் சட்டமன்றத்தின் பக்கம். டட்டில் மட்டும் மாறுபட்டார். மூவரில் போர்க்களத்தில் ரத்தம் சிந்திய ஜெனரல் அவர்தான் என்பதைக் கவனியுங்கள். அந்த டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகப் பாண்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

1967-இல் தலைமைப் பொறுப்பை விட்டார். அடுத்த ஆண்டு மூத்த நீதிபதியாக வேலையைக் குறைத்துக்கொண்டார், விட்டுவிடவில்லை. 1981 ஜனவரியில், பதவி முடிய சில நாள் இருக்கும்போது, கார்ட்டர் அவருக்கு ஜனாதிபதியின் சுதந்திரப் பதக்கம் கொடுத்தார். அதே ஆண்டு ஐந்தாம் சர்க்யூட்டைப் பிரித்து அலபாமா, ஜார்ஜியா, ஃப்ளோரிடாவுக்குப் பதினோராம் சர்க்யூட் உருவானபோது டட்டில் அங்கே போனார். அட்லாண்டாவின் அந்தப் பழைய கட்டடத்துக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அவர் பெயரை வைத்தார்கள். 1996 ஜூன் 23 அன்று, 98 வயதில் காலமானார்.

ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது. 1963-64 கல்வியாண்டில், பள்ளித் தீர்ப்பு வந்து பத்தாவது ஆண்டு நெருங்கும்போதும், தெற்கின் 11 மாநிலங்களில் வெள்ளைப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்த கருப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. டட்டிலின் வேகம் வாசல் வரை வந்த வழக்கைக் காப்பாற்றியது. வாசலுக்கு வராத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு அது போதவில்லை. வழக்கு வழக்காக இல்லாமல், மாவட்டம் மாவட்டமாகப் பள்ளிகளை மாற்றியே தீரவேண்டும் என்று பள்ளி வாரியங்களின் தலையில் பொறுப்பைக் கட்டிய ஜெஃபர்சன் கவுன்டி தீர்ப்பு 1966 டிசம்பர் 29 அன்றுதான் வந்தது. அதை எழுதியவர் ஜான் மைனர் விஸ்டம். நியூ ஆர்லியன்ஸின் மேட்டுக்குடிப் பிறவி. அடுத்த வாரம் அவருடைய வீட்டுக்குப் போகிறோம்.

(தொடரும்)